சாலையில் படப்பிடிப்பு: பர்மிஷன் கடிதத்துக்கு அப்பால் செய்ய வேண்டியவை

சினிமாவில் லொக்கேஷன் வேலைக்கு, அதாவது படமெடுக்கும் இடத்தைத் தேடி ஏற்பாடு செய்யும் வேலைக்கு, புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த ரோட்டுக்குப் பர்மிஷன் எப்படி வாங்குவது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். சென்னைத் தெருவில் கேமரா வைப்பதென்றால் காவல் ஆணையர் அலுவலகம், மாநகராட்சி. நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அவர்கள். காட்டுக்குள் போகும் சாலைக்கு வனத்துறை, மாமல்லபுரம் சிற்பங்கள் பக்கம் என்றால் தொல்லியல் துறை. டிரோன் பறக்கவிட 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி அந்த இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். விண்ணப்பம் எழுதி, பணம் கட்டி, மேசை மேசையாக நடந்தால் கடிதம் வந்துவிடும்.

ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் யார் யார் வருவார்கள்? ரோட்டை மறித்தால் அவர்கள் எப்படிப் போவார்கள்? என் கைக்கு வந்த அனுமதிக் கடிதங்களில் தேதி இருக்கும், நேரம் இருக்கும், பொதுமக்களுக்கு இடையூறு இருக்கக் கூடாது என்ற வரியும் இருக்கும். எந்தப் பஸ் எந்தத் தெரு வழியாகத் திரும்பும் என்பது இருக்காது. அதை யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். பல யூனிட்டுகளில் அப்படி ஒருவர் இருப்பதே இல்லை.

இந்த வேலையை நான் பஸ்ஸிலிருந்து யோசிக்கத் தொடங்கியது பொள்ளாச்சிப் பக்கத்தில். அப்போது நான் உதவியாளன். ஆனைமலையைத் தாண்டி ஒரு கிராமத்துச் சாலை, இரண்டு பக்கமும் மரங்கள் கூரை போட்டது போல் கவிந்திருக்கும். அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தோம். காலையில் டவுன் பஸ் வந்தது. ஷாட் முடியட்டும் என்று நிறுத்தச் சொன்னார்கள். ஷாட் முடிந்தது, இன்னொரு டேக் என்றார்கள். மேகம் வந்தது, வெயிலுக்காகக் காத்திருந்தோம். அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. கண்டக்டர் இறங்கி என்னிடம் வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"தம்பி, இந்த நடை இவ்வளவு லேட்டாச்சுன்னா மத்தியானம் ஒரு நடை கட் ஆயிருமுங்க. பள்ளிக்கூடம் விட்டு வர்ற புள்ளைங்க அதுலதானுங்க வரோணும்."

அவர் சொன்னபடியே ஒரு நடை, அதாவது பஸ்ஸின் ஒரு பயணம், ரத்தானது. சாயங்காலம் நாங்கள் வண்டியில் திரும்பும்போது யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் அதே சாலையில் கும்பலாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். காலையில் அரை மணி நேரம் நிறுத்தியதற்கும் சாயங்காலம் அவர்கள் நடந்ததற்கும் உள்ள தொடர்பு அந்த யூனிட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, அதற்குக் காரணம் அந்தக் கண்டக்டர்.

ஒரு டவுன் பஸ் ஒரே ஊருக்கு மட்டும் ஓடுவதில்லை. காலையில் ஒரு ஊர், அடுத்து இன்னொரு ஊர், மத்தியானம் திரும்ப முதல் ஊர் என்று நாள் முழுக்க நடைகள் ஒன்றோடு ஒன்று பின்னப்பட்டிருக்கும். ஓரிடத்தில் அரை மணி போனால், டிரைவரின் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் பிடித்து ஈடுகட்டுவார்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு நடையை விட்டுவிடுவார்கள். நகரத்தில் இதை யாரும் பெரிதாக உணர மாட்டார்கள், பின்னாலேயே வேறு பஸ் வரும். கிராமத்தில் அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் போய் நிற்கும் இடம் பஸ் ஸ்டாண்டில், பஸ்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர் உட்காரும் அறை. அந்தச் சாலையில் என்னென்ன பஸ், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போகும், எது பள்ளிப் பிள்ளைகள் ஏறும் நடை, எது கடைசி பஸ் என்று எழுதி வாங்கிக்கொள்வேன். டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவார்கள். அந்தத் தாளை அசோசியேட் டைரக்டரிடம் கொடுத்து, அன்றைய ஷாட் பட்டியலில் அந்த நேரங்களை இடைவெளியாகக் குறிக்கச் சொல்வேன். லென்ஸ் மாற்றுவது, டச்-அப், லைட்டை நகர்த்துவது எல்லாம் எப்படியும் நடக்கத்தானே போகிறது? அது பஸ் போகிற நேரத்தில் நடக்கட்டும். முன்கூட்டியே சொன்னால் எந்த இயக்குநரும் சண்டை போட்டதில்லை. "பஸ் ஃபிரேமில் வரட்டும், நல்லாயிருக்கும்" என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஷாட் நடுவில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால்தான் எரிச்சல்.

எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இதை மேனேஜர்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நகரச் சாலைகளுக்கான வழிகாட்டியில், இருவழிப் போக்குவரத்து உள்ள இரண்டு லேன் பிரதான சாலைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மணிக்கு 1500 கார் அளவு என்று வைத்திருக்கிறார்கள். பஸ், லாரி எல்லாவற்றையும் கார் கணக்கில் மாற்றிச் சொல்வது அது. போக்குவரத்தில் பஸ், லாரியின் பங்கைப் பொறுத்து ஒரு பஸ்ஸை 2.2 முதல் 3.7 கார் வரை எண்ணுவார்கள். அப்படியென்றால் சாலை நிறைந்து ஓடும் நேரத்தில் ஒரு பக்கத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 கார். மூன்று நிமிடம் நிறுத்தினால் 36 கார், ஒன்றுக்கு ஆறு மீட்டர் வைத்தால் இருநூறு மீட்டருக்குச் சற்று மேல் வரிசை. திறந்துவிட்டதும் ஒரு லேனில் நிமிடத்துக்கு முப்பது வண்டி வெளியேறும் என்று வைத்துக்கொண்டாலும், பின்னால் 12 வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஆக, மூன்று நிமிடம் நிறுத்தினால் அது கரைய இரண்டு நிமிடமாவது வேண்டும். பத்து நிமிடம் நிறுத்தினால் வரிசை எழுநூறு மீட்டரைத் தாண்டும், கரைய ஏழு நிமிடத்துக்குக் குறையாது.

இது காகிதக் கணக்கு. சாலையில் நிலைமை இன்னும் மோசம். எழுநூறு மீட்டர் வரிசை என்றால் நம் ஊரில் பின்னால் இருக்கும் சிக்னலை அது அடைத்துவிடும். அப்புறம் படப்பிடிப்புக்குச் சம்பந்தமே இல்லாத குறுக்குச் சாலையும் நின்றுபோகும். அந்தச் சாலையில் நிற்பவர்களுக்கு ஏன் நிற்கிறோம் என்றுகூடத் தெரியாது. லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸ் வைத்து வண்டிகளை இடையிடையே நிறுத்திப் படமெடுக்க அனுமதிக்கும்போது, ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் என்பதுதான் வழக்கமான வரம்பு. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வாக்கி-டாக்கியோடு ஒருவர் நேரத்தை மட்டுமே பார்ப்பார். இரண்டரை நிமிடத்தில் "முப்பது செகண்ட்" என்பார். மூன்றில் திறந்துவிட வேண்டும், ஹீரோ நடுரோட்டில் நின்றாலும் சரி.

எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்காத ஒன்று: நிறுத்தியவுடன் பைக்குகள் இடுக்குகளில் புகுந்து முன்னால் வந்துவிடும். அவை எதிர்ப் பக்க லேனையும் நிரப்பிவிடும். அந்தப் பக்கமும் அதே கதை. திறந்துவிடும்போது இரண்டு பக்கமும் சாலையின் முழு அகலத்தில் நேருக்கு நேர் நிற்பார்கள், யாரும் நகர முடியாது. மூன்று நிமிடம் நிறுத்தியது பதினைந்து நிமிட நெரிசலாவது இப்படித்தான். அதனால் தடுப்பு வைக்கும் இடத்திலிருந்து பின்னால் நூறு மீட்டருக்காவது சாலை நடுவில் கயிறோ கூம்போ வைத்துவிடுங்கள். அந்த நீளத்துக்கு இரண்டு பையன்கள் போதும். செலவு ஒன்றுமில்லை, பலன் ரொம்பப் பெரிது.

சென்னையில் நிலைமை வேறு. அங்கே கேமரா மறிப்பதைவிட நம் வண்டிகள் மறிப்பதுதான் அதிகம். ஜெனரேட்டர் வண்டி, அவுட்டோர் யூனிட் லாரி, லைட் வண்டி, காஸ்ட்யூம், சாப்பாட்டு வண்டி, கேரவன்கள், ஜூனியர் ஆர்டிஸ்ட் வந்த பஸ். இவற்றை வரிசையாக நிறுத்தினால் நூறு மீட்டருக்கு மேல் சாலை ஓரம் போய்விடும். கேமரா பத்து நிமிடம் ஓடியிருக்கும். இந்த வண்டிகள் விடியற்காலை வந்து, அன்றைய வேலை முடிந்து பேக்-அப் ஆகும்வரை நிற்கும். பஸ் ஸ்டாப்பின் மேலேயே கேரவனைப் போட்டுவிட்டால் பஸ் நடுரோட்டில் நிற்கும், வயதானவர்கள் வண்டிகளுக்கு நடுவில் நடந்து போய் ஏறுவார்கள். ஒரு பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு, "ஏம்ப்பா, இது ஸ்டாப்பிங்குதானே?" என்று கேட்டபோது பக்கத்தில் நின்ற எனக்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. அந்த கேரவனை அங்கிருந்து எடுக்க வைக்க நான் பட்ட பாடு தனி.

இதற்கு வழி, கேமரா வைக்கும் தெருவோடு சேர்த்து வண்டி நிற்கும் இடத்தையும் லொக்கேஷனாகத் தேடுவதுதான். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும். விடுமுறையில் பள்ளி மைதானம் கிடைக்கும். வாடகை கொடுத்தால் கழிப்பறையும் சாப்பிட இடமும் சேர்ந்தே வரும். தெருவுக்கு ஜெனரேட்டரும் அந்த ஷாட்டுக்கு வேண்டிய ஒரு வண்டியும் மட்டும் வரட்டும். நடிகர்களை ஒரு வேனில் கொண்டுவந்து விடலாம். கேரவன் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் இதைப் பேசி முடிப்பது கஷ்டம்தான். ஆனாலும் ஒப்பந்தம் பேசும்போதே பேசிவிட வேண்டும். அன்று காலையில் பேசினால் நடக்காது.

மாநகரப் பேருந்தைத் திருப்பிவிடுவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். மேப்பைப் பார்த்து, பக்கத்துத் தெரு வழியாகப் போகலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெசன்ட் நகர் போகும் 29சி மாதிரி ஒரு பஸ் அந்தத் தெரு முனையில் திரும்புமா? மரக்கிளை எவ்வளவு தாழ்வு, கேபிள் வயர் எங்கே தொங்குகிறது, ஓரத்தில் தள்ளுவண்டிக் கடை எத்தனை? முந்தைய வாரம் அதே கிழமை, அதே நேரத்தில் அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். டெப்போவில் பேசி ஒரு அனுபவமுள்ள டிரைவரைக் கேளுங்கள். "அந்த முனையில் ரெண்டு கார் நின்னா பஸ் திரும்பாதுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

திருப்பிவிட்ட வழியில் விட்டுப்போகும் ஸ்டாப்புகளை யாரும் எண்ணுவதில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்கள் எத்தனையோ பேர் அதை நம்பித்தான் நாளை ஓட்டுகிறார்கள். பஸ் வராவிட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். நாம் எடுக்கும் பாட்டுக்கு அவர்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அதனால் விட்டுப்போகும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஓர் ஆளை நிறுத்துவேன். பஸ் இன்று எங்கே நிற்கும் என்று அவர் சொல்வார், வயதானவர்கள் வந்தால் யூனிட் வேனில் ஏற்றி அந்த இடத்தில் இறக்கிவிடுவார். தயாரிப்பாளருக்கு இது பெரிய செலவே இல்லை.

இப்போது சென்னையில் இன்னொரு சிக்கல். மெட்ரோ இரண்டாம் கட்டம், மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் வழித்தடம் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வழியாக ஆற்காடு சாலையில் போகிறது. சினிமாக்காரர்கள் தினமும் புழங்கும் சாலையே அதுதான். வேலை நடக்கும் இடங்களில் ஏற்கெனவே வண்டிகளைப் பக்கத் தெருவில் திருப்பிவிடுவார்கள். அந்தப் பக்கத் தெருவை நாம் படப்பிடிப்புக்குக் கேட்டால் என்ன ஆகும்? திருப்பிவிட்ட வண்டிகளை மறுபடி திருப்பிவிட இடம் ஏது? மெட்ரோ, குடிநீர் வாரியம், மின்வாரியம், கோவில் விழா, படப்பிடிப்பு என எந்தச் சாலையில் என்றைக்கு என்ன நடக்கிறது என்பதை ஒரே பட்டியலில் வைத்து, அதைப் பார்த்த பிறகே அனுமதி கொடுக்க வேண்டும். போக்குவரத்துப் போலீஸில் என்னிடம் பேசிய பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பட்டியல் பொதுமக்கள் பார்க்கும்படி இருந்தால் இன்னும் நல்லது. அது வரும்வரை நாமே போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

நாள் குறிக்கும்போது ஊரின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். பங்குனியில் அறுபத்துமூவர் சமயத்தில் மயிலாப்பூர் மாட வீதிகளை நினைக்கவே கூடாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா திருவிழா, பெசன்ட் நகர் கோவிலுக்கு ஜனங்கள் நடந்தே வருவார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, தேர்வு மையம் இருக்கும் தெருவில் காலை வேளையில் ஒரு நிமிடம்கூட நிறுத்துவது நியாயமில்லை. ஊட்டியில் கோடை சீசனில் பூங்காக்களில் படப்பிடிப்புக்குத் தடை போடுவது சரியான முடிவு. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைத்து வண்டிகளை எண்ண வேண்டிய நிலையில் இருக்கும் மலை அது.

மலைச் சாலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க அந்த ஒரு சாலைதான். இன்னொரு பக்கம் மளுக்கப்பாறை வழியாகக் கேரளாவுக்குப் போகலாமே தவிர, பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு அவசரமாக வர வேண்டியவருக்கு அது உதவாது. இப்படி மாற்று வழி இல்லாத சாலையை மூடக் கூடாது. சில நிமிடம் நிறுத்தலாம், அவ்வளவுதான். அதற்கும் மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள் இருக்க வேண்டும். பல வளைவுகளில் செல்போன் சிக்னல் கிடைக்காது, மலை மறைத்தால் வாக்கியும் கேட்காது. நடுவில் வளைவுக்கு வளைவு ஆள் நிறுத்திச் செய்தியைக் கடத்த வேண்டியிருக்கும்.

ஆம்புலன்ஸுக்கு எங்கள் யூனிட்டில் ஒரே சொல்தான்: "நூத்தியெட்டு". வாக்கியில் அது கேட்டால் இயக்குநர் கட் சொல்லும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது, சாலை திறக்க வேண்டும். சொல்வது சுலபம், சாலையில் கேமராவைத் தள்ளும் டிராலி ட்ராக் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? அதைக் கழற்றப் பத்து நிமிடம் ஆகும். ட்ராக், கேமராவைத் தூக்கும் ஜிப், லைட் ஸ்டாண்ட் எதுவாக இருந்தாலும் ஒரு லேன் அகலம், அதாவது மூன்றரை மீட்டர், எப்போதும் காலியாக இருக்கும்படி வைக்கச் சொல்கிறேன். கேமராமேன் முதலில் முகம் சுளிப்பார், அப்புறம் அதற்கேற்ற கோணம் கண்டுபிடித்துவிடுவார். அவசர வண்டிக்கு வழி விடாத வண்டி ஓட்டுநருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவையும் படித்துப் பாருங்கள். போக்குவரத்தைத் தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் கொடுப்பது அது. தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாவிட்டால் அரசிதழில் வெளியிட வேண்டாம், ஆனால் உள்ளூரில் முடிந்த அளவு விளம்பரம் செய்ய வேண்டும் என்கிறது. அந்த "உள்ளூர் விளம்பரம்" பெரும்பாலும் ஒரு பேரிகேடில் ஒட்டிய ஏ4 தாளாக முடிந்துவிடுகிறது. நான் மூன்று நாளுக்கு முன்பே தெருவில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கச் சொல்வேன். "படப்பிடிப்பு நடைபெறுவதால் ஒத்துழைப்பு தருமாறு" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை, காரை எங்கே நிறுத்தலாம், பஸ் எங்கே நிற்கும், அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், இவ்வளவும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்த போனை எடுக்கிறவர் அன்று வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது.

நோட்டீஸ் கொடுக்கும் பையனிடம் ஒரு நோட்டும் கொடுத்துவிடுங்கள். யார் வீட்டில் டயாலிசிஸ் போகிறவர் இருக்கிறார், யாருக்கு அன்று விசேஷம், ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு, தண்ணி லாரி எப்போது, பால் வண்டி எப்போது. இவையெல்லாம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காத தகவல்கள். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் பாதியைச் சொல்லிவிடுவார்கள். கடைக்காரர்களுக்கு அன்றைய வியாபாரம் போகிறதென்றால் அதற்கு ஒரு தொகையைப் படத்தின் பட்ஜெட்டிலேயே போட வேண்டும். கேட்டு வந்தால் கொடுப்போம் என்று இருக்கக் கூடாது.

சாலையில் நிற்க பவுன்சர்களை வைக்காதீர்கள். அவர்கள் நடிகரைப் பாதுகாக்கப் பழகியவர்கள், கையை நீட்டித் தள்ளத்தான் வரும். அந்தந்த ஏரியாப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்து, போக்குவரத்துக் காவலரோடு நிறுத்துங்கள். வண்டிக்காரர் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் உண்மையான நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். "இதோ ஆயிடுச்சு சார்" என்ற பொய்யால்தான் சண்டை வருகிறது. மூன்று நிமிடம் என்று சொல்லி மூன்று நிமிடத்தில் விட்டால் பெரும்பாலானவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

பேக்-அப் ஆன பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாம் ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டுப் போயிருப்போம், பஸ்கள் அறிவித்த நேரம்வரை சுற்று வழியிலேயே போய்க்கொண்டிருக்கும். அதனால் கடைசி வண்டி கிளம்பியதும் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, பேரிகேடை ஓரத்தில் சாத்திவிட்டு, டிராஃபிக் இன்ஸ்பெக்டருக்கும் டெப்போவுக்கும் போன் செய்து ரோடு திறந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். பிறகு ஸ்டாப்புகளில் நிறுத்திய ஆட்கள், பழைய வழியில் முதல் பஸ் வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.